சும்மா என்றொரு செலவு

எங்கள் ஆபீசில் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "மேடம், எந்த சாஃப்ட்வேர்?" என்றுதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும், அது காட்டுகிற கட்டத்தில் நீங்கள் எண்ணைப் போடப்போகிறீர்கள். அது காட்டாத கட்டத்தைப் பற்றி ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் எனக்கும் நிம்மதி. செம்பூரில் இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால், நான் பி.காம். படித்தபோது நடந்தது இது.

1. பத்மா மேடத்தின் சிவப்பு மை

என் வீடு தாராவியில். வாப்பா காலமான பிறகு மைதீன் காக்காதான், அதாவது என் அண்ணன்தான், ரெக்சின் பை தைக்கும் பட்டறையை நடத்தினார். கீழே குடித்தனம், ஏணி ஏறினால் பட்டறை. தைப்பதற்குக் காரிகர்கள் இருந்தார்கள். தைத்த பை கீழே இறங்கிவரும். நூல் பிசிறு வெட்டி, ஜிப்பை இழுத்துப் பார்த்து, துடைத்து, கவரில் போடுவது உம்மாவும் நானும். காலையில் மாட்டுங்காவில் காலேஜ், மத்தியானத்திலிருந்து பிசிறு. பேனா பிடிக்கிற விரலிலேயே கத்தரிக்கோலும் காய்ப்பு ஏற்படுத்தியது.

முதல் இரண்டு வருடம் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங். டெபிட், கிரெடிட், பேலன்ஸ் ஷீட். அதில் பெரிய சிரமம் இல்லை; பணம் கை மாறினால் எழுத வேண்டும், மாறாவிட்டால் பேனாவை மூடிவைக்கலாம். மூன்றாம் வருடம் மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங் வந்தது. அதற்குக் கை மாறியதோடு திருப்தி இல்லை. ஒரு பொருளைச் செய்ய என்னவெல்லாம் கரைந்தது என்று துருவித் துருவிக் கேட்கும்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலுக்கு காஸ்ட் ஷீட் போட்டு வாருங்கள் என்றார் பத்மா மேடம். எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ரெக்சின், லைனிங், ஜிப், காரிகர் கூலி, கரண்ட் என்று எங்கள் பட்டறையையே எழுதினேன். பினிஷிங், பேக்கிங் என்ற வரிக்கு நேராக ஒரு கோடு போட்டேன்.

மேடம் அந்தக் கோட்டில் விரலை வைத்தார். "பிசிறு வெட்றது, பேக் பண்றதெல்லாம் யார் பண்றா?"

"நானும் உம்மாவும்தான் மேடம். அது சும்மா."

"சும்மான்னா? வேலையில்லாம இருக்கேளா, காசில்லாம பண்றேளா?"

எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மேடம் சிவப்பு மையில் 'நாட் கம்ப்ளீட்' என்று எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அவருக்கும் அன்றைக்குத் திருத்த ஒரு கட்டுத் தாள் பாக்கி இருந்தது.

2. ஆர்டர்

அடுத்த மாதமே மாஹிமில் ஒரு சேட் பெரிய ஆர்டர் சொன்னார். ஆபீஸ்களுக்குக் கொடுக்கிற லேப்டாப் பை. அத்தனை பெரிய மால், அதாவது சரக்கு, எங்கள் ஏணியில் அதுவரை இறங்கியதில்லை. டெலிவரி கேட்ட மாதத்தில்தான் என் கடைசிப் பரீட்சை.

காக்கா ரொம்ப உற்சாகமாக இருந்தார். "ஏட்டி, காலேஜ்ல படிக்கல்லா, இதுக்கு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு. சேட் சொல்லுத ரேட்டு கட்டுமா?"

"பினிஷிங் யாரு செய்வா காக்கா?"

"இது என்ன கேள்வி? நீயும் உம்மாவும்தான்."

"எனக்குப் பரீச்ச இருக்கே."

"அரே, பரீச்ச எங்க ஓடிப் போவுது? அடுத்த தடவ எழுதிக்க. வீட்ல சும்மாதான இருக்க!"

காக்கா கெட்டவர் இல்லை. என் பீஸைக் கட்டியதே அவர்தான். ஆனால் அடுத்த தடவை என்பது எங்கள் தெருவில் எத்தனை பெண்களுக்கு வராமலே போனது என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு அப்போதே வாசல்வரை வந்திருந்தது. இந்தத் தடவை விட்டால் படிப்பு முடிந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம்.

இரண்டு காஸ்ட் ஷீட் போட்டேன். ஒன்றில் பினிஷிங்குக்கு நேராகப் பழைய கோடு. நல்ல லாபம். இன்னொன்றில், எங்கள் சந்திலேயே வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்களுக்கு மற்ற பட்டறைக்காரர்கள் ஒரு பைக்கு என்ன கொடுக்கிறார்களோ அந்த ரேட்டு. லாபம் போய் நஷ்டம் எட்டிப் பார்த்தது.

காக்கா இரண்டாவது தாளை வெறித்துப் பார்த்தார். "கூடப் பொறந்தவன்கிட்ட கூலி கேக்கியா?"

"கூலி கேக்கல. நா உக்காரலன்னா வேற ஆள் வைக்கணும்லா? அந்தக் காசு சேட் சொல்லுத ரேட்டுல இல்ல. அதத்தான் எழுதியிருக்கேன்."

அவர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு மாஹிமுக்குப் போய் ரேட்டு கூட்டிக் கேட்டார். சேட் மறுத்துவிட்டார். ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது.

அந்த மாதம் முழுவதும் மேலே மிஷின் சத்தம் இல்லை. ஒரு காரிகர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். "மிஷின் சும்மா கெடக்கு" என்று காக்கா என் காதுபட யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். என்னிடம் நேராகப் பேசவில்லை. பரீட்சை ஹாலில், மிஷினும் ஆளும் சும்மா கிடக்கிற 'ஐடில் டைம்' பற்றி ஒரு கேள்வி வந்தது. எழுதும்போதே அழுகை வந்தது. எழுதிவிட்டேன். பாஸ். வீட்டில் யாருக்கும் மிட்டாய் வாங்கத் தோன்றவில்லை.

3. உம்மா கேட்டது

பிறகு சின்னச் சின்ன ஆர்டர்கள் வந்தன. சேட்டுகளிடம் பேசும்போது பினிஷிங்குக்குத் தனியாக ரேட்டு சொல்லிக் கேட்கப் பழகிக்கொண்டார் காக்கா. எப்போது மனம் மாறினார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் மால் ஏற்றிவிட்டு வந்து, உம்மா கையில் கொஞ்சம் பணத்தை வைத்தார்.

"இது எதுக்குப்பா? அரிசிக்கா?"

"இல்ல உம்மா, உங்களுக்குத்தான். பிசிறு வெட்டுனீங்கல்லா."

உம்மா பணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப, இதுக்கு முன்னால வெட்டுனதெல்லாம்?"

காக்கா என்னைப் பார்த்தார். கணக்குப் படித்தவள் நான்தானே. போன வருடங்களில் விட்டுப்போனதை இந்த வருடக் கணக்கில் எப்படிச் சரிசெய்வது என்று பாடம் இருக்கிறது. பரீட்சையில் அதற்கு நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தில் உம்மாவின் கேள்வி இல்லை. உம்மா மடியில் இருந்த பையை எடுத்து மிச்சப் பிசிறை வெட்ட ஆரம்பித்தார்.

அதனால்தான், பிள்ளைகளே, நீங்கள் கொண்டுவருகிற ஷீட்டில் ஒரு வரிக்கு நேராகக் கோடு இருந்தால், அதை யார் செய்கிறார்கள் என்று கேட்டு உங்கள் உயிரை எடுக்கிறேன். "அது சும்மா மேடம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உம்மா கேட்டதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. உங்களிடமாவது இருக்க வேண்டும்.