சாமியார் வீட்டுக்கு வைத்த பத்திரிகை

அத்தை கல்யாணத்தில் அப்பாவுக்கு மாப்பிள்ளை வீட்டார்மேல்கூடச் சந்தேகம் வரவில்லை. சந்தேகமெல்லாம் மாதா கோயில் சாமியார்மேல்தான்.

அறுபதுகளில், தாராவியில், நாங்கள் குடியிருந்த ‘சால்’ என்ற வரிசை வீடுகளுக்கு அடுத்த தெருவில் இருந்தது அந்தக் கோயில். அதன் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கக் கேட்டதற்கு, “பாக்கலாம்” என்றிருந்தார் சாமியார். அந்தப் ‘பாக்கலாம்’ கெட்டுப்போகக் கூடாதே என்று, பத்திரிகையில் பெயர் எழுதவே அப்பா ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தார். சொந்த ஊரில் புராட்டஸ்டண்டு வேதக்கோயில் பாதிரியாருக்குப் பெண்டாட்டி உண்டு, பிள்ளைகள் உண்டு. அவரை மட்டும் அழைத்து அந்த அம்மாவை விட்டால் பெருங்குறை. இங்கேயும் சாமியார் வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். சாமியாருக்கு வெள்ளை அங்கி, அம்மாளுக்கு வெள்ளைச் சேலை. பொருத்தம் சரியாகத்தானே இருக்கிறது! மாதா கோயில் சாமியார்கள் கல்யாணமே செய்துகொள்ள மாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ‘சாமியார் அவர்களும் சாமியாரம்மா அவர்களும்’ என்று உறையில் எழுதி, மூலையில் மஞ்சள் தடவியாயிற்று.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனபோது சாமியார் இல்லை. அந்த அம்மாளிடமே உறையைக் கொடுத்து, ஒரு முழம் மல்லிகையையும் நீட்டினாள் அம்மா.

“தலையில வச்சுக்கிடுங்கம்மா. நீங்க ரெண்டு பேருமா வந்து முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்.”

அவர் உறையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பூவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“மூஞ்சிலயே கதவச் சாத்துனாளா? போச்சுட்டி, பிள்ள சீட்டு காலி,” என்றார் அப்பா, வீட்டில் அம்மா சொல்லக் கேட்டு.

“நீரு என்னத்த எழுதித் தொலைச்சீரோ!”

அதன்பிறகு சாமியார் சைக்கிளில் போகையில் சிரித்தால், “அந்தச் சிரிப்பே சரியில்ல, பாத்துக்கோ” என்பார் அப்பா. சிரிக்காமல் போனால், “பக்கா கோவம்!”

கல்யாணத்தன்று சாமியார் தனியாகத்தான் பந்தலுக்குள் வந்தார். அப்பா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அம்மாதான் துணிந்து கேட்டாள்: “அம்மா வரலியா, சாமி?”

“அது எங்க அக்கா, தாயி,” என்றார் சாமியார், மெதுவாக. “சின்ன வயசுலயே புருசன் போயிட்டாரு. இந்நாள்வரைக்கும் யாரும் அவுகளச் சேத்துப் பத்திரிகை வச்சதில்ல. தெருவுல நிக்காவ. உள்ள வரலாமான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாவ.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும் கையிலிருந்த தாம்பாளத்தை அப்படியே என்னிடம் திணித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். அந்த அம்மாளின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, எல்லோரும் பார்க்க, மணவறைக்கு எதிரே கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

என் பள்ளிக்கூட சீட்டு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி, கூப்பிட்ட கல்யாணத்துக்கு வந்தவர் உள்ளே வர எதற்கு உத்தரவு கேட்டார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.