பெட்டியக்காவின் இருபத்திரண்டு படிகள்

துருத்தியை முழுதாக விரித்து, மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார் பெட்டியக்கா. ஈரம் ஏறியிருந்தால் வாடையிலேயே தெரிந்துவிடுமாம். பிறகு கணவரின் பழைய சட்டைக் கை ஒன்றால் அக்கார்டியனின் கட்டைகளைத் துடைத்து, தோல்வாரை மாட்டிக்கொண்டு, ஒரு பாட்டின் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார்.

நடுவிலிருந்து என்றால் சரணத்திலிருந்து. பல்லவி வாசிக்க மாட்டார். ரயில் நிலையத்தையும் அலுவலகத் தெருவையும் இணைக்கும் சுரங்கப்பாதையில்தான் வாசிக்கிறார். அதைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்த ஒரு நிமிடத்தில் எதைக் காதில் போடுவது என்பதில் அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. "பல்லவி எல்லாருக்கும் தெரியும். சரணத்தக் கேட்டாத்தான் இது என்ன பாட்டுன்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டே போவாங்க. மத்தியானம் சாப்பிடறப்போ திடீர்னு ஞாபகம் வரும். அப்ப ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அது நான் குடுத்தது." எனக்கும் ஒருமுறை வந்தது. மேலதிகாரி என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது வந்தது.

வயது ஐம்பத்துமூன்று. ஒரு வக்கீலிடம் இருபது வருடம் தட்டச்சு செய்தவர். கம்ப்யூட்டர் வந்து அவர் வேலையைப் பறிக்கவில்லை. வக்கீல்தான் போய்ச் சேர்ந்தார். விரல்கள் சும்மா இருக்க மறுத்ததால், அண்ணன் வீட்டுப் பரணில் கிடந்த அக்கார்டியனைக் கேட்டு வாங்கி வந்தார். இடம் காலியானதே என்று அண்ணிக்கு மகிழ்ச்சி. சுரங்கத்தில் நடப்பவர்களுக்கு அது பெட்டி, அவர் பெட்டியக்கா.

சுரங்கத்தில் அவர் உட்காருவது படியை ஒட்டிய மாடத்தில். எடை பார்க்கும் இயந்திரம் முன்பு நின்ற இடம் அது. பாதையை மறித்து யாரும் உட்காரக் கூடாது என்பது விதி. மாடம் பாதையில் சேருமா என்று சுரங்கத்துக் காவலாளிக்கு ஐயம் வந்ததால், இருவரும் ஒருநாள் நூல் பிடித்து அளந்தார்கள். அக்காவின் முழங்கால் மட்டும் நான்கு விரல்கடை வெளியே வந்தது. முழங்காலை மன்னித்துவிட்டார் காவலாளி.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, ஆறே முக்காலுக்கு, வட்டாரம் முழுவதும் மின்சாரம் போனது. அப்போது சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்களின் கூட்டம் இருந்தது, நானும் இருந்தேன். வெளியிலும் இருட்டு என்பதால் படி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நாலைந்து கைபேசி வெளிச்சங்கள் முளைத்து, முன்னால் நிற்பவரின் பிடரியை மட்டும் காட்டின. பின்னாலிருந்து தள்ளினார்கள். எங்கோ கீழேயிருந்து ஒரு பெண், "என் மேல ஏறாதீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை.

அப்போது அக்கார்டியன் எழுந்தது, கூடவே அக்காவின் குரல். "பாட்டு வர்ற பக்கம் படி இருக்கு. ஓடாதீங்க. தாளத்துக்கு நடங்க." அன்றுதான் அவர் பல்லவி வாசித்துக் கேட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு. அதை ஆமை வேகத்துக்கு இழுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார். அந்த வேகத்தில் யாராலும் முண்டியடிக்க முடியவில்லை. விழுந்தவரை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ சுதி சேராமல் கூடவே முணுமுணுத்தார். கூட்டம் பாட்டின் பக்கம் நகர்ந்து, அவரைக் கடந்து, படியேறி, மழையில் கலைந்தது. நானும் ஏறினேன். நேரே வீட்டுக்குப் போனேன்.

எல்லோருமே அப்படித்தான் போயிருக்கிறோம். கடைசி ஆள் போன பிறகும் அக்கா வாசித்துக்கொண்டிருந்தார். இருட்டில் யார் மிச்சம் என்று அவருக்குத் தெரியவில்லை. பதினோரு நிமிடம் என்கிறார் காவலாளி. அவர் டார்ச்சோடு இறங்கி வந்து, காலிச் சுரங்கத்தில் ஒரு சுற்று அடித்துப் பார்த்துவிட்டு, "யாருக்கு வாசிக்கிறீங்கக்கா?" என்று கேட்டாராம்.

மறுநாள் அக்கா வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. சுரங்கம் நீண்டுவிட்டது போலிருப்பதாக வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் காவலாளியிடம் புகார் சொன்னார். நீளம் என் பொறுப்பில் இல்லை என்றார் அவர்.

எட்டாம் நாள் விலாசம் விசாரித்து வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. அக்கா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நானும் பேசாமல் போய்விட்டேன் என்று சொன்னேன். அதைப் பொருட்படுத்தவில்லை. உங்கள் கைபேசி பையிலேயே இருந்ததே, எடுத்து வெளிச்சம் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன்.

"எடுக்கணும்னா வாசிக்கிறத நிறுத்தணுமே. நிறுத்துனா அந்த இருட்டுல நானும் இல்லாமப் போயிடுவேன்னு தோணுச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சிரிக்காதீங்க. நெஜமாத்தான் தோணுச்சு."

நான் சிரிக்கவில்லை.

அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாசல்வரை வந்து என்னிடம் தணிந்த குரலில், "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க ஒரு வாரம் படியேறித்தான் போவாங்க சார். நாம கூப்பிடக் கூடாது. முட்டி வலிச்சா அவங்களே வருவாங்க" என்றார். முப்பது வருட அனுபவம்.

அடுத்த திங்கட்கிழமை காலை பெட்டியக்கா வந்தார். சுரங்கத்துக்குள் அல்ல, படிக்கட்டின் உச்சிப் படியில், வெயிலில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதற்கடுத்த படி. மொத்தம் இருபத்திரண்டு படிகள். காவலாளிக்குத் தர்மசங்கடம். விதிப்புத்தகத்தைப் புரட்டியதில், படிக்கட்டு அவர் அதிகாரத்துக்குள் வரவில்லை என்று தெரிந்து நிம்மதியானார். ஜனங்கள் அக்காவை விட்டு ஒதுங்கிக் கடந்தார்கள். சில நாள் அக்கா இரண்டு படி இறங்குவார். ஒரு வியாழக்கிழமை சுரங்கத்தில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. வெள்ளிக்கிழமை மூன்று படி மேலே இருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் முட்டிவலி என்று சொல்ல வைத்திருந்ததாகப் பின்னால் சொன்னார்.

இன்று காலை கடைசிப் படிக்கு வந்துவிட்டார். ஏதோ ஒரு சரணம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பாட்டென்று பிடிபடவில்லை. இடது கால் செருப்போடு படியிலேயே இருந்தது. வலது காலை மட்டும் செருப்பிலிருந்து உருவி, நீட்டி, சுரங்கத்தின் தரையில் வைத்துத் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.