ஏலக்காய் ஷெட்டில் 'கேப்பபிள்'

பத்திரிகை வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். பின்கட்டு ஷெட்டில் பெண்கள் தரையில் உட்கார்ந்து, சொளகு என்கிற முறத்தில் காய் பொறுக்குவார்கள். வெளியூரில் படித்துவிட்டு வந்த முதலாளியின் மகன், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'கேப்பபிள்' அல்லது 'நாட் கேப்பபிள்' என்று எழுதச் சொன்னார்.

எதைச் செய்யும் திறமை என்றும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம் சார். ஆள் கேப்பபிளா, இல்லையா. அவ்வளவுதான்."

அன்றே ஷெட்டில் அது கேலிக்கு வந்துவிட்டது.

"ஏக்கா, ஒம்புருசன் கேப்பபிளா?"

"திங்கிறதுக்கா, சோலிக்கா?"

அங்கே மூத்த பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு லீவு கேட்டவளிடம், சீசன் முடியட்டும் என்று சொன்னதும் இதே கடைதான். பெரிய காய், பொடிக் காய், வெடித்த காய் எல்லாவற்றையும் விரலாலேயே பிரிப்பாள், மற்றவர்களைவிட வெரசாக. நிறம் மட்டும் விரலுக்குத் தெரியாது. அவள் சொளகில் கிடக்கும் வெளுத்த காய்களைப் பக்கத்தில் இருக்கும் நாத்தனார் பேச்சோடு பேச்சாக எடுத்துப் போட்டுவிடுவாள். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும். இந்த வேலை போனால் அவளுக்கு மலைத்தோட்டம்தான் மிச்சம். அந்தச் சரிவில் கண் தெரியாமல் கால் வைக்க முடியாது.

முதலாளி மகன் நாத்தனாரை எழுந்து தள்ளி நிற்கச் சொன்னார். மூத்தவள் முன்னால் ஒரு சொளகு காயை வைத்தார். மற்றவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். சீக்கிரமே முடித்துவிட்டாள். குவியல்கள் அளவு பிசகாமல் இருந்தன. பச்சைக் காய்களுக்கு நடுவே வெளுத்தவை நான் நின்ற இடத்துக்கே தெரிந்தன.

அவர் ஒரு வெளுத்த காயை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஆத்தா, இது என்ன கலரு?"

"பச்ச, அப்பு."

ஒரு பச்சைக் காயை எடுத்தார். "இது?"

அவள் யோசித்தாள். "வெள்ள."

சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். மூத்தவள் பெயருக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எழுதுங்க சார்."

எழுதினேன்.

"அப்ப நாளைக்கு வர்றதா அப்பு?"

மகன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அது அவளுக்குத் தெரியவில்லை. பதிலுக்காக அவர் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவை மூடினேன்.

"வேணாங்கிறாரு மதினி, எந்திரிங்க" என்று நாத்தனார்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அந்தச் சொளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.