ஆத்து வெளிச்சத்துக்கு ஒரு புள்ளி

இன்றைக்குக் கேட்டாலும் அந்த விடையைத்தான் எழுதுவேன். ஆறாம் ஆண்டு விஞ்ஞானப் பரீட்சையில், ஒளி தரும் உயிர்கள் எவை என்று கேட்டிருந்தார்கள். மின்மினி, வாழைச்சேனைக் கடலில் பிடிபடும் கணவாய், மழைக்கு உக்கின கட்டையில் முளைக்கும் காளான், எங்கள் ஆத்துத் தண்ணிக்குள் இருப்பது என்று நான்கு எழுதினேன். கடலோடு சேரும் எங்கள் உப்புநீர் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். டீச்சர் மின்மினிக்கு மட்டும் சரி போட்டார்.

"தண்ணிக்குள்ள என்ன புள்ள, லைட்டா எரியுது?" என்றார். வகுப்பே சிரித்தது.

"அப்பா அதைப் பாத்துத்தான் வலை வீசுறவர், டீச்சர்."

நிலவில்லாத இருட்டில் மீன் ஓடினால் தண்ணீரில் நீலமாக ஒரு கோடு விழும். அப்பா அதற்கு முன்னால் வலையை விரிப்பார். இதை எத்தனை தரம் பார்த்தவள் நான். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேள் என்று டீச்சர் சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்.

மறுநாள் சோடாப் போத்தலில் ஆத்துத் தண்ணீர் கொண்டுபோய், யன்னல்களைச் சாத்திவிட்டுக் குலுக்கினேன். பொட்டு வெளிச்சம் இல்லை. தண்ணீரை ஒளிரவைக்கும் அந்தச் சிற்றுயிர்கள் பகலில், இருட்டறையில் வைத்தாலும் எரியாது என்று நான் எங்கே கண்டேன்? மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நான்காம் நாள், "பொழுதுபட வந்து பாருங்க, டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்து, அப்பாவிடமும் சொன்னேன்.

மீன்காரர் தங்கள் இடத்தை யாருக்கும் சொல்வதில்லை. எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் அப்பாவின் பதில் "அங்கால" என்பதுதான். அன்று அவர் வலையில் ஒட்டிய பாசியை நெடுநேரம் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வடிவா எரியிறது நான் வலை வீசுற அந்த ஒரு இடந்தான்" என்றார் அம்மாவைப் பார்த்து. பிறகு என்னிடம், "புள்ள பொய்க்காரி எண்டு பேரெடுக்கப்படாது. வரச் சொல்லு" என்றார்.

டீச்சர் வந்தார். கண்டல் மரங்களுக்குப் பின்னாலிருந்த மூலையில் அப்பா தோணியை நிறுத்தினார். டீச்சர் கையை விட்டு அளைய, விரல்களைச் சுற்றி நீலம் எரிந்தது.

"ஓம், மெய்தான்" என்றார்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் அந்த விடைக்குச் சரி போட்டுப் புள்ளி தந்தார். வகுப்பில் பாதிப்பேர் மீன்காரர் பிள்ளைகள். எந்த இடம் என்று கேட்டார்கள். சிரித்த வாய்களை அடைக்காமல் விடுவேனா? கரும்பலகையில் ஆற்றைக் கீறி, மூலையில் வட்டம் போட்டுக் காட்டினேன்.

அடுத்த கிழமை அங்கே ஏழு தோணிகள் நின்றன. அப்பா நேரத்தோடு புறப்பட்டு, பிந்தி, பாதிக் கூடையோடு வரத் தொடங்கினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கால" என்றார்.

பழைய இடம் அலுத்துப்போயிற்றாக்கும் என்று நினைத்து, புள்ளி போட்ட தாளை அவருக்கு இன்னொரு தரம் எடுத்துக் காட்டினேன்.