பெருநாளுக்குள் இருபது வாட்ச்

வாட்ச் கடைக்காரனிடம் மணி கேட்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. வாட்ச் கேட்கிறவர்களைத்தான் தேட வேண்டும். என்னைப் போல ஆசைப்பட்டுச் சரக்கெடுத்துவிட்டு முழிக்கிறவர்களுக்கு இது புரியும்.

திண்டுக்கல்லில் எனக்குச் சின்னக் கடை. மதுரையில் மூடப்போகிற ஒரு கடையிலிருந்து, விசேஷத்துக்குக் கட்டுகிற பழைய சாவி கொடுக்கிற வாட்சுகள் நாற்பதை மொத்தமாக அள்ளி வந்தேன். எட்டு மூலை, டிவிப் பெட்டி வடிவம், கரும்பச்சை முகம், தங்க முள் என்று ஒவ்வொன்றும் "என்னைப் பார்" என்றது. என் மனைவி சல்மா பார்க்கவில்லை. பெருநாளுக்குள் பாதியாவது போக வேண்டும், இல்லாவிட்டால் கடையில் செல்போன் கவர்தான் என்று கெடு வைத்துவிட்டாள்.

பாலீஷ்

ஓரம் வெளிறிய ஒரு பச்சை வாட்சை கல்லூரிப் பையன் ஒருவன் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனான். முதல் போணியாயிற்றே! கேஸுக்குப் பாலீஷ் போட்டு, டயலுக்குப் புதுச் சாயம் அடித்து, பளபளவென்று எடுத்து வைத்தேன்.

மறுநாள் வந்தவன் கண்ணாடிப் பெட்டி முழுக்கத் தேடினான். இதுதான் அது என்று பெருமையாக நீட்டினேன். அவன் முகம் தொங்கிப்போனது. "புதுசு வேணும்னா போன்லயே ஆர்டர் போட்டிருப்பேனேண்ணே!"

அன்றோடு பாலீஷ் துணியைத் தூக்கி எறிந்தேன்.

துண்டுக்குள்ளே

அய்யலூர் சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்கிறவர் வார் மாற்ற வந்தார். சிவப்பு முகம் வைத்த எட்டு மூலை வாட்சைப் பார்த்ததும் வார் மறந்துபோனது. நான் விலை சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அடியில் விரல்களைப் பிடித்தார். அங்கே விரலால்தான் விலை பேசுவார்களாம். எனக்கு அது தெரியாது. ஸலாம் சொல்கிறார் என்று நினைத்து, இரண்டு கையாலும் அவர் கையை அன்பாக அழுத்தினேன்.

பேரம் படிந்துவிட்டது என்று எழுந்துவிட்டார். எந்த விலைக்குப் படிந்தது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இம்புட்டுப் பெரிய வாட்ச் சந்தைக்கு எதற்கு என்றதற்குச் சொன்னார்: "துண்டுக்குள்ள பேரந்தான், பாய், ரகசியம். கைய வெளிய எடுத்தா நாலு பேரு பாக்கணும்ல!"

பூக்கார அம்மா

சாணார்பட்டியில் மல்லிகை போடும் ஒரு அம்மா, சதுரமான ஆண்கள் வாட்சைக் கேட்டார். நான் மேதாவியாக, பெண்களுக்கு இதுதான் அழகு என்று சுண்டுவிரல் நகம் அளவு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதை ஒதுக்கிவிட்டுச் சதுரத்தையே கட்டிக்கொண்டார்.

"பூவ எறக்கிட்டு காசுக்கு நின்னா, கமிஷன் கடைக்காரரு செத்த நேரம் இரும்மாங்கிறாரு. செத்த நேரம்னா எம்புட்டு நேரம்னு அவரு நின்ன எடத்துலருந்தே எங்கையில பாக்கட்டும்!"

சல்மா உட்கார்ந்த கடை

பெருநாளுக்கு முதல் நாள் விற்பனை பத்தொன்பதில் நின்றது. சல்மா கவர் அலமாரிக்கு அளவெடுக்க டேப்போடு வந்துவிட்டாள். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் கடையை அவளிடம் விட்டுப் போனேன். துஆவில் ஒரே ஒரு வாட்சைத்தான் கேட்டேன்.

திரும்பி வந்தால் டேப் சுருட்டியபடி கிடக்கிறது, அவள் சிரிக்கிறாள். சித்தையன்கோட்டைக்காரர் ஒருவர் மருமகனுக்கென்று வாங்கிப் போனாராம். எது என்று கேட்டேன். எனக்கென்று மேசை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்திருந்த நீல நிற டிவிப் பெட்டி! சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. எப்படி விற்றாய் என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு தனக்குன்னு ஒளிச்சு வச்சிருக்காருன்னு சொன்னேன். வேற எதையும் அவரு பாக்கவே இல்லைங்க."

ஆக, பழைய வாட்ச் விற்க வேண்டுமானால் முதலில் அதை விற்க மனசே வரக் கூடாது, பிறகு தொழுகை நேரத்தில் மனைவியைக் கடையில் உட்கார வைக்க வேண்டும்.