விடுதி முழுக்க வேண்டுதல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் யோசித்தேன். கேஸ் சிலிண்டர் வராததையும் மிக்ஸி புகைந்ததையும் வாராவாரம் உங்களிடம் புலம்புகிறவள், இதை மட்டும் உள்ளேயே வைத்திருந்தேன். மகன் பெயர் கெடுமே என்ற பயம். சாமி காரியத்தைப் பத்திரிகையில் போடலாமா என்ற தயக்கம்.

போன வாரம் நாகல் நகரில் ஆட்டோவுக்கு நின்றபோது, பின்தெரு சாந்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மகனைக் கல்லூரி விடுதியில் சேர்க்கிறாளாம். அவன் முடியைப் பழனிக்கு வேண்டியிருக்கிறாளாம். "ஆஸ்டல்ல முடி வெட்டச் சொல்வாகளாம்லக்கா. உங்க மகனுக்கு மட்டும் எப்படி விட்டாக? செத்த சொல்லுங்களேன்."

எப்படி விட்டார்களா? அதை ஏன் கேட்கிறாய் தாயே…

என் வீட்டுக்காரர் டெங்குவில் படுத்த வருடம் அது. டாக்டர் எதுவும் பிடிகொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று அழுதேன். "அப்பனே முருகா, இவரை நடக்க வை. என் மகன் முடி வளர்த்து, பங்குனி உத்திரத்துக்கு உன் மலையடியில் முழு மொட்டை போடுவான்" என்று வேண்டினேன். முருகன் கைவிடவில்லை. இவர் எழுந்தார், நடந்தார், சாம்பாரில் உப்பு இல்லை என்று குறை சொன்னார்.

மகன் கார்த்தி அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனாலும் விடுதியில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தவன். அங்கே என்ன சுகம் கண்டான் என்று கேட்காதீர்கள். ஒரு அறையில் நாலு பேர். காயாத ஜட்டி ஜன்னல் கம்பியில். சப்பாத்தியை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்று அவனே சொல்வான். ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோகும் முறுக்கு டப்பா, அறைக்குப் போய்ச் சேருமுன் காலியாகிவிடும். வீட்டுக்கு வாடா என்றால் மட்டும் முகம் சுளிப்பான்.

அந்த விடுதியில் முடி காதைத் தொட்டால் அபராதம். ஆகவே நானே வார்டனைப் பார்க்கப் போனேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வருடா வருடம் காவடி எடுக்கிறவர். நான் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். "முருகன் காரியம்ங்க. நான் குறுக்கே நிக்க மாட்டேனுங்க" என்றார். என் வாக்கு ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது.

வந்தது வினை.

இரண்டு மாதத்தில் கார்த்தி இருந்த மாடி முழுக்கப் பையன்களுக்குப் பக்தி வந்துவிட்டது! பழனிக்கு முடி, சமயபுரத்துக்கு முடி, திருப்பதிக்கு முடி. ஸ்டீபன் என்று ஒரு பையன் வேளாங்கண்ணிக்கு. ரியாஸ் என்று ஒரு பையன் நாகூருக்கு. மதச் சண்டையே இல்லாத மாடி — அந்த ஒன்றுக்குப் பாராட்டலாம். எல்லார் வீட்டிலும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அந்த அப்பாக்களில் ஒருவர் ஒருநாள் மாம்பழக் கூடையோடு ஜம்மென்று வந்து இறங்கியிருக்கிறார். வார்டன் ஓடிப்போய் நாற்காலி போட்டு, ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா என்று விசாரித்தாராம். எந்த ஆபரேஷன் என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

இவர்களுக்கெல்லாம் எப்படிப் பேச வேண்டும், எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? சாட்சாத் என் மகன்.

வார்டன் போன் செய்து வரச்சொன்னார். அது உத்திரத்துக்கு முந்தின ஞாயிறு. விடுதி முற்றத்தில் காதை மூடிய முடியோடு அத்தனை பேரும் நின்றார்கள். நான் கார்த்தியைத் தனியே இழுத்துப்போய், "ஏலே, சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தியா?" என்றேன்.

"கேட்டாய்ங்க, சொன்னேன். விடும்மா" என்றான்.

விடுவதா?

வார்டன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நிஜமாகவே வேண்டியவர்கள் வராந்தா பக்கம் வரலாம், பழனிக்கு அவரே கூட்டிப்போய் மொட்டை போட்டுக் கூட்டிவருவார். வேறு சாமி என்றால் அங்கே போய்வர லீவு உண்டு. பொய் சொன்னவர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகலாம். நாளைக்கு சலூன்காரர் வந்து கிராப் வெட்டிவிடுவார், தண்டனை கிடையாது.

மொட்டையா, கிராப்பா? இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது! மொத்தக் கூட்டமும் தொட்டிப் பக்கம் நகர்ந்தது.

கார்த்தி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பிறகு… அவனும் தொட்டிப் பக்கம் போய்விட்டான்.

அந்தக் கட்டிடத்திலேயே இருந்த ஒரே நிஜ வேண்டுதல் அது. அது பொய்யர் வரிசையில் போய் நின்றது.

வார்டன் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, வருத்தம்தான். "ஏனுங்கம்மா, உங்களுதும் பொய்தானுங்களா?"

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். இழுத்துவந்து நிறுத்த அவன் என்ன கைக்குழந்தையா? அப்படி இழுத்துப்போய்ப் போடுகிற மொட்டை முருகனுக்குத்தான் எதற்கு?

"பொய் இல்லீங்க சார். வேண்டுனது நானு. அவன் வேண்டல" என்றேன்.

நேரே போய் பஸ் ஏறிவிட்டேன்.

உத்திரத்தன்று பழனிக்கு நானே போனேன். வீட்டுக்காரர் கூடவே வந்தார். பொம்பளைக்குப் பூமுடி போதுமே, மூன்று கத்திரி வைத்தால் ஆயிற்று என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். முழு மொட்டை என்றுதான் அப்பனிடம் சொல்லியிருந்தேன். தலையை மட்டும் மாற்றிக்கொள்ளக் கேட்டேன், அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இடுப்பு வரை தொங்கிய முடி அது. தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தபோது இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு முறுக்கு டப்பாவோடு விடுதிக்குப் போனேன். முக்காட்டை எடுத்தேன். கார்த்தி டப்பாவை வாங்கிக் கீழே வைத்தான்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்லம்மா."

"சொல்லிருந்தா?"

"வெயில்ல நடந்தா வந்த?" என்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டான். அதில் ஒரே சோப்பு நாற்றம்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எங்கள் தெருவில் இது வேறு மாதிரி உலவுகிறது. என்னைப் பார்த்ததும் மகன் காலில் விழுந்து கதறினான் என்கிறார்கள், மறுநாளே மொட்டை போட்டான் என்கிறார்கள், முருகன் கனவில் வந்தார் என்றுகூட ஒருத்தி சொன்னாள். வாசகர்களே, நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், அவசியம் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அவன் அழவில்லை, மொட்டை போடவில்லை, கனவிலும் யாரும் வரவில்லை. ஒரு துண்டுதான் போட்டான். எனக்கு அது போதும், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சேர்த்துவிட வேண்டாம்.