சீனியாரிட்டி வண்டியும் மணிக்கணக்கு வண்டியும்

கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்து இறங்கிய அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. கச்சிராயபாளையத்துக்கு வெளியே, தார்ச்சாலை ஓரமாக, டயருக்குப் பதில் பெல்ட் போட்ட நெல் அறுவடை வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வண்டி அரசாங்கத்துடையது. எதிரே முற்றிய நெல். மழைக்கு மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். ஆனாலும் என்னால் வயலில் இறங்க முடியவில்லை.

புதிதாக வண்டி ஓட்ட வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

1. டீக்கடைச் சண்டை

எங்கள் வண்டியை எல்லோரும் சீனியாரிட்டி வண்டி என்பார்கள். ஆபீசில் யார் முதலில் பதிந்தார்களோ அவர்கள் வயலுக்குத்தான் அது முதலில் போகும். எட்டு ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஒரே வாடகை ரேட், அதுவும் கம்மி. தனியார் வண்டி மணிக்கணக்கு வண்டி, ஓடுகிற மணிக்குப் பேசின ரேட். போன் போட்டால் வரும். அதைவிட ஜாஸ்தி யாராவது தருவதாகச் சொன்னால் பாதி வழியில் அங்கே திரும்பிவிடும்.

ஆத்தூர் பக்கத்திலிருந்து டயர் வண்டி கொண்டுவரும் பழனி எனக்குப் பல வருஷப் பழக்கம். சொந்த வண்டி, அவனே டிரைவர். நான் சோசலிசம், அவன் முதலாளித்துவம் என்று டீக்கடைக்காரரே எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்.

"ஒங்க வண்டி வர்றதுக்குள்ள நெல்லு மொளச்சி நாத்தாயிடும்ணா" என்பான் பழனி.

"சின்ன வயலு எந்தத் தெசையில கீதுன்னு ஒன் வண்டிக்குத் தெரியுமாடா?" என்பேன் நான்.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஒத்துக்கொள்ளத்தான் இருவருக்கும் மனசு வராது.

2. முதல் நம்பருக்கு வழி இல்லை

அன்றைக்குப் பட்டியலில் முதல் நம்பர் முனியம்மா. குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர் நட்டிருந்தார். அவர் வீட்டுக்கு வருஷச் சாப்பாடே அந்த நெல்தான். மழையில் சாய்ந்தால் கதிரிலேயே முளைத்துவிடும்.

அவர் வயல் உள்ளே, வாய்க்காலை ஒட்டி இருந்தது. சாலைக்கும் அதற்கும் நடுவே ராஜமாணிக்கத்தின் எட்டு ஏக்கர் அறுக்காமல் நின்றது. முன்வயல் அறுத்த பிறகுதான் பின்வயலுக்கு வண்டி போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. நானாவது முந்தின நாள் வந்து வரப்பில் நடந்து பார்த்திருக்க வேண்டும். பட்டியலை மட்டும் நம்பி வந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

ராஜமாணிக்கம் எங்களிடம் பதியவில்லை. "அந்த வண்டி வர்றதுக்குள்ள பொங்கலே வந்துடும்" என்று கிண்டல் செய்தவர். பழனிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பழனியோ கூடுதல் ரேட் கிடைக்கிறது என்று நைனார்பாளையம் போய்விட்டான்.

அதிகாரிக்குப் போன் செய்தேன். "பதியாதவங்க வயல்ல எறங்கக் கூடாது. முதல் நம்பருக்கு வழி இல்லன்னா ரெண்டாவது நம்பருக்குப் போங்க" என்றார். இரண்டாவது நம்பர் சின்னசேலம் பக்கம்.

முனியம்மா வண்டி முன்னால் வந்து நின்றார்.

"டிரைவர் சார், வெடியகால நேரத்துல க்யூவுல நின்னு பதிஞ்சேன். நீங்க கெளம்பிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் வண்டியை விட்டு இறங்கி, வேறு வழி இருக்குமா என்று வரப்போரம் நடந்தேன்.

3. பள்ளத்தில் முதலாளித்துவம்

அப்போது ஹாரன் சத்தம்! நைனார்பாளையத்தில் வயல் ஈரம் என்று பழனி திரும்பி வந்துவிட்டான். ராஜமாணிக்கம் முகம் மலர்ந்துவிட்டது. நேரம் மிச்சமாகும் என்று வயலின் நீளவாக்கில் வெட்டிக்கொண்டு பறந்தான் பழனி. நடுவயலில் ஒரு பள்ளம். டயர் சேற்றில் இறங்கி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. எவ்வளவு முறுக்கியும் அசையவில்லை.

"மழ வருதுடா! இன்னாடா பண்ணிக்கினுகீற?" என்று ராஜமாணிக்கம் கத்தினார்.

அந்தச் சேற்றில் இறங்கி இழுக்க என் பெல்ட் வண்டியால் மட்டும்தான் முடியும். தனியார் வண்டியை இழுக்க எனக்கு அனுமதி கிடையாது. முனியம்மாவைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன். வண்டியை எடுத்துவிட்டேன். பழனி வெட்டிய தடத்திலேயே போய், சங்கிலி மாட்டி இழுத்தேன். இரண்டு எஞ்சினும் சேர்ந்து உறுமியதில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்றாவது இழுப்பில் வண்டி மேலே ஏறியது.

"இன்னா வேணும் கேளுண்ணா" என்றான் பழனி, முகமெல்லாம் சேறு.

"கெழக்கு வரப்போரம் மேடா கீது. மொதல்ல அதை வெட்டிக்கினு பின்வயல் வரைக்கும் போ. எனக்கு வழி வேணும்."

"மணி ஓடுதுய்யா! ஓரத்துல ஏன் சுத்தணும்?" என்று ராஜமாணிக்கம் குறுக்கே வந்தார்.

"அவரு இழுக்கலன்னா நான் இங்கயே கெடந்திருப்பேன் சார். அந்த ஓட்டத்துக்கு மணி போட மாட்டேன், போதுமா?" என்றான் பழனி.

அவன் முன்னால் வெட்ட, நான் பின்னாலேயே போனேன். முனியம்மாவும் மகளும் அதற்குள் தங்கள் வயலின் நாலு மூலையையும் கையால் அறுத்து, வண்டி திரும்ப இடம் செய்து வைத்திருந்தார்கள். என் வண்டியின் கடைசி டேங்க் நெல்லைச் சாலையில் விரித்த தார்ப்பாயில் கொட்டி, மேலே இன்னொரு தார்ப்பாய் போட்டு மூடும்போது தூறல் விழுந்தது. முனியம்மா அந்தக் குவியலின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். ராஜமாணிக்கம் வயலில் முடிந்த வரைக்கும் அறுத்துவிட்டுப் பழனியும் வந்து நின்றான். நானும் அவனும் குதிக்காத குறை.

தனியார் வண்டியை ஏன் இழுத்தாய் என்று மெமோ வந்தது. "முதல் நம்பர் வயலுக்குப் போகும் வழியில் நின்றது" என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அடுத்த போகத்தில் எங்கள் ஆபீஸ் க்யூவில் ராஜமாணிக்கம் நின்றார். அவருக்குப் பின்னால் முனியம்மா. பழனியிடமும் முனியம்மா வண்டிக்குச் சொல்லி வைத்திருப்பது தெரிந்து எனக்குச் சுருக்கென்றது.

"இன்னாமா, அரசாங்க வண்டி மேல நம்பிக்கை இல்லியா?"

"ஒங்க வண்டி வந்துடும்னு தெரியும் சார், எப்போ வரும்னு தெரியாது. அவரு வண்டி கூப்ட்டா வரும்னு தெரியும், எவ்ளோ கேக்கும்னு தெரியாது. எனக்கு நெல்லு வூட்டுக்கு வரணும்."

வருஷக்கணக்கில் நாங்கள் டீக்கடையில் கத்தியதை அந்த அம்மாள் க்யூவில் நின்றபடியே முடித்துவிட்டார். அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், பட்டியலைப் பிரிக்கும் முன் வரப்பில் ஒரு சுற்று நடந்து, பின்வயல் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை இறக்கினேன்.